கிறிஸ்துமஸ் விமானப் பயணம்: ரூ.18,000 உச்சவரம்பு யாருக்குச் சிக்கனம்?

புதுடெல்லி: நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் கிறிஸ்துமஸுக்காக டெல்லியிலிருந்து கொச்சிக்குச் சென்று திரும்ப, 2025 டிசம்பரில் மத்திய அரசு விதித்த கட்டண வரம்பின்படி விமான நிறுவனங்கள் அதிகபட்சமாக ரூ.1,44,000 வரை வசூலிக்க முடிந்தது. ஒருவருக்கு ஒரு வழிக்கு ரூ.18,000 என்ற அடிப்படையிலான கணக்கு இது. அந்தத் தொகையின் மீது 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் மேலும் ரூ.7,200 ஆகும், விமான நிலையக் கட்டணங்கள் இதில் அடங்காது. பயணிகளைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்ட வரம்பே இவ்வளவு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

பண்டிகைக்கு ஏறத்தாழ பத்து நாட்களே இருந்த நிலையில், விமானச் செலவைக் குறைக்கும் வழிகள் என ஏராளமான குறிப்புகள் வலம் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பயண நாளை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளக் கூடியவர்களுக்கே உதவுபவை. டெல்லியிலும் மும்பையிலும் பணிபுரியும் கேரளச் செவிலியர், பெங்களூருவில் பயிலும் நாகாலாந்து மாணவர், 23-ஆம் தேதி மாலை வரை அலுவலகத்தை விட்டு அகல முடியாத ஊழியர் ஆகியோருக்கு நாளைத் தீர்மானிப்பது விழாவும் விடுப்பும்தான். அவர்களுக்கும் சேமிக்க வழிகள் உண்டு. ஆனால், கட்டணம் எவ்வாறு உருவாகிறது என்பதையும், டிக்கெட்டின் பின்னால் உள்ள விதிகளையும் அறிந்தால் மட்டுமே அவை புலப்படும்.

டிசம்பர் நெருக்கடியும் ஆணையும்

விமானிகளின் பணிநேரம் தொடர்பான புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுச் சந்தையில் ஏறத்தாழ 65 விழுக்காட்டைக் கைவசம் வைத்துள்ள இண்டிகோ நிறுவனம் அதற்கேற்பத் தயாராகாததால், டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் 1,000-க்கும் மேற்பட்ட சேவைகள் நின்றுபோயின. மற்ற நிறுவனங்களின் கட்டணங்கள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்தன.

மறுநாளே சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் தலையிட்டது. 500 கிலோமீட்டர் வரை ரூ.7,500, அதற்கு மேல் 1,000 கிலோமீட்டர் வரை ரூ.12,000, 1,500 கிலோமீட்டர் வரை ரூ.15,000, அதையும் தாண்டினால் ரூ.18,000 என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினாலும் இணைய முகவரிடம் வாங்கினாலும் இந்த வரம்பு பொருந்தியது. பிசினஸ் வகுப்புக்கும் உடான் திட்ட வழித்தடங்களுக்கும் பொருந்தவில்லை. வெளிநாட்டு வழித்தடங்களுக்கு இவ்வரம்பு இல்லாததால், வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பியோருக்கு இதனால் எந்தப் பயனும் இருக்கவில்லை.

இதே காலகட்டத்தில், இண்டிகோ தனது அன்றாடச் சேவைகளை 10 விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும் எனவும் அரசு உத்தரவிட்டது. நாளொன்றுக்கு 2,200 அளவில் விமானங்களை இயக்கிவந்த நிறுவனம் அது. எனவே, தேவை ஆண்டின் உச்சத்தை எட்டும் வாரங்களில் நாள்தோறும் 200-க்கும் மேற்பட்ட சேவைகள் அட்டவணையிலிருந்து நீங்கின. விலைக்கு வரம்பு விதிக்கலாம். இல்லாத இருக்கையை ஆணையால் உண்டாக்க முடியாது. உச்சவரம்பு இருந்தும் அந்த டிசம்பரில் மலிவான டிக்கெட்டுகள் அரிதாக இருந்ததன் முதன்மைக் காரணம் இதுவே.

ஒரே விமானம், பல விலைகள்

உள்நாட்டில் பரவலாக இயங்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தில் 180 அல்லது 186 இருக்கைகள் இருக்கும். இவை அனைத்தும் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. சில இருக்கைகள் மிகக் குறைந்த விலையிலும், அடுத்த சில அதைவிடச் சற்று உயர்ந்த விலையிலும் எனப் பல அடுக்குகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. கீழடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். முந்தைய ஆண்டுகளின் விற்பனை வேகத்தை வைத்து, எந்த அடுக்கில் எத்தனை இருக்கைகளை ஒதுக்குவது என்பதை நிறுவனத்தின் மென்பொருள் கணிக்கிறது. டிசம்பர் 23-ஆம் தேதி மாலை பெங்களூருவிலிருந்து கொச்சிக்குப் புறப்படும் விமானம் நிரம்பிவிடும் என்பது அந்த மென்பொருளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். ஆகவே அந்த விமானத்தில் கீழடுக்கு இருக்கைகள் தொடக்கத்திலேயே சொற்பமாகத்தான் ஒதுக்கப்படும்.

தீபாவளியைப் போல் கிறிஸ்துமஸ் ஆண்டுக்கு ஆண்டு நாள் மாறுவதில்லை. பயணிக்கு இது வசதி; நிறுவனங்களுக்கோ அதைவிடப் பெரிய வசதி. கடைசி நேரத்தில் காலி இருக்கைகளைத் தள்ளிவிட நிறுவனம் விலையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை வேறு மாதங்களில் எப்போதாவது பலிக்கலாம். விழாவுக்கு முந்தைய நாட்களில் அது பலிப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் முன்பதிவு செய்தால் மலிவு என்பதும், உலாவியின் மறைநிலைப் பக்கத்தில் தேடினால் விலை குறையும் என்பதும் இன்னும் உயிரோடு இருக்கும் நம்பிக்கைகள். ஒரே டிக்கெட்டின் விலை இரண்டாம் முறை தேடும்போது உயர்ந்திருந்தால், இடைப்பட்ட நேரத்தில் அந்த அடுக்கின் கடைசி இருக்கையை வேறு யாரோ வாங்கிவிட்டார் என்பதே பெரும்பாலும் அதற்கான விளக்கம். எந்தக் கிழமையில் வாங்குகிறோம் என்பதைவிட எந்தக் கிழமையில் பறக்கிறோம் என்பதே விலையை மாற்றுகிறது.

அடுக்குமுறையை அறிந்தவர்களுக்குக் கைகொடுக்கும் உத்தி ஒன்று உண்டு. நான்கு பேருக்கு ஒரே தேடலில் டிக்கெட் தேடினால், நான்கு இருக்கைகளும் ஒருசேரக் கிடைக்கும் அடுக்கின் விலையையே முன்பதிவு அமைப்பு பொதுவாகக் காட்டும். எடுத்துக்காட்டாக, ரூ.6,000 அடுக்கில் இரண்டு இருக்கைகளே மிஞ்சியிருந்து அடுத்த அடுக்கு ரூ.8,500 என வைத்துக்கொண்டால், நால்வருக்கும் சேர்த்து ரூ.34,000 என்றே திரையில் தோன்றும். இருவர் இருவராக வாங்கினால் ரூ.29,000 போதும். வாங்குவதற்கு முன் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து, விலை மாறுகிறதா என ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 12 வயது வரையிலான குழந்தைக்கு, உடன் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகிலேயே இருக்கை ஒதுக்க வேண்டும் என டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. இருவரும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். டிக்கெட்டைப் பிரித்து வாங்கும்போது குழந்தையைத் தாயுடனோ தந்தையுடனோ ஒரே முன்பதிவில் வைத்துவிட்டால், அருகருகே அமர்வதற்கென இருக்கைக் கட்டணம் செலுத்த வேண்டிய தேவையும் எழாது.

விலை குறையும் நாளே விழா நாள்

2025-இல் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்தால் நான்கு நாட்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். அதற்கு அடுத்த வியாழக்கிழமை புத்தாண்டு என்பதால், இடைப்பட்ட நாட்களுக்கும் விடுப்பு எடுத்து ஜனவரி 4 ஞாயிறு வரை ஊரில் தங்குவோரும் பலர். இதனால் நெரிசல் இரண்டு அலைகளாக வருகிறது. டிசம்பர் 19 வெள்ளி மாலை தொடங்கி 20 வரை முதல் அலை. 23, 24 தேதிகளில் இரண்டாம் அலை. திரும்பும் திசையில் 28-ஆம் தேதியும் ஜனவரி 4-ஆம் தேதியும் உச்சம் தொடும்.

இவற்றுக்கு இடையே 21 இரவு, 22 காலை போன்ற சிறு பள்ளங்கள் உண்டு. திரும்புவதற்கு டிசம்பர் 30, 31 அல்லது ஜனவரி 6-க்குப் பிந்தைய நாட்கள் ஒப்பீட்டளவில் எளிதானவை. பொதுவாகக் கட்டணம் தணிந்து காணப்படும் மற்றொரு நாள் டிசம்பர் 25. சுற்றுலாப் பயணிக்கு இது நல்ல செய்தி. 24 நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடும்பத்தோடு தேவாலயத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஊர் செல்பவருக்கு இந்தச் சலுகையால் ஆவது ஒன்றுமில்லை. எந்த விழாவுக்காக விலை ஏறுகிறதோ, அந்த விழாவைக் கொண்டாடாதவருக்கே குறைந்த விலை கிடைக்கிறது.

திசையையும் கவனிக்க வேண்டும். விழாவுக்கு முன் பெருநகரங்களிலிருந்து கேரளத்துக்கும் வடகிழக்குக்கும் விமானங்கள் நிரம்பிச் செல்கின்றன. அதே விமானங்கள் திரும்பி வரும்போது இருக்கைகள் காலியாக இருக்கின்றன. விமானத்தை வெறுமனே திருப்பிக் கொண்டுவரும் செலவையும் நிரம்பிச் செல்லும் திசையின் பயணிகளே சுமக்கிறார்கள். பெற்றோர் பயணம் செய்யக்கூடிய உடல்நிலையில் இருந்தால், பிள்ளைகள் ஊருக்குச் செல்வதற்குப் பதிலாகப் பெற்றோரை நகரத்துக்கு வரவழைக்கும் குடும்பங்கள் இந்தக் காலி இருக்கைகளால் பயனடைகின்றன. ஊரின் கொண்டாட்டத்துக்கு அது ஈடாகுமா என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும்.

அதிகாலை விமானங்களின் கட்டணம் பல வழித்தடங்களில் குறைவாக இருக்கும். தெற்கிலும் மேற்கிலும் இது நல்ல தெரிவு. டெல்லியிலும் வட இந்தியாவின் பிற நகரங்களிலும் டிசம்பர் பிற்பாதியில் அதிகாலை என்றால் மூடுபனி என்று பொருள். விமானம் சில மணி நேரம் தாமதமானால், மிச்சப்படுத்திய பணம் விமான நிலைய உணவகத்திலேயே கரைந்துவிடக்கூடும். டெல்லியில் வேறொரு டிக்கெட்டில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரு பயணங்களும் ஒரே முன்பதிவில் இல்லையெனில், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது.

இறங்கும் இடத்தை மாற்றினால்

நாளை மாற்ற முடியாதவர்களுக்கு எஞ்சியுள்ள பெரிய வாய்ப்பு, இறங்கும் விமான நிலையத்தை மாற்றுவது. கேரளத்தில் திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர் என நான்கு பன்னாட்டு விமான நிலையங்கள் உள்ளன. காசர்கோட்டுக்கு மங்களூருவும், பாலக்காட்டுக்குக் கோயம்புத்தூரும் நடைமுறையில் உள்ளூர் விமான நிலையங்களே. திருச்சூர் செல்பவர் கொச்சியை மட்டும் தேடாமல் கோயம்புத்தூரையும் கோழிக்கோட்டையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

மக்கள்தொகையில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்களாக உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தினருக்கு, அரசின் உச்சவரம்பே ஒரு வேறுபாட்டை உருவாக்கியது. சென்னையிலிருந்து திருவனந்தபுரமும் தூத்துக்குடியும் 500 கிலோமீட்டரைத் தாண்டுவதால் ரூ.12,000 பிரிவில் வந்தன. மதுரை அதற்குள் அடங்குவதால் அங்கு வரம்பு ரூ.7,500 மட்டுமே இருந்தது. மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. அவ்வளவு தூரம் தரைவழி செல்லத் தயாராக இருப்பவர், சென்னை எழும்பூரிலிருந்து நேராக நாகர்கோவில் செல்லும் வந்தே பாரத் ரயிலையே முதலில் முயன்று பார்க்கலாம் என்பது வேறு.

கோவாவின் கணக்கு சற்றுச் சிக்கலானது. தபோலிமுடன் 2023 ஜனவரி முதல் மோபாவும் இயங்குவதால் போட்டி கூடியிருக்கிறது. ஆனால், மோபா மாநிலத்தின் வடகோடியில் உள்ளது. தெற்குக் கோவாவில் தங்குபவர் டிக்கெட்டில் மிச்சப்படுத்தியதை வாடகைக் காருக்குக் கொடுத்துவிட நேரிடும். மும்பையைப் பொறுத்தவரை, 2025 அக்டோபர் 8 அன்று திறந்துவைக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையத்தில் பயணிகள் சேவை சரியாக டிசம்பர் 25 அன்று தொடங்கியது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊர் சென்றவர்களுக்கு அது காலம் கடந்த உதவி. புத்தாண்டுக்குப் பின் திரும்புவோர் அதையும் தேடலில் சேர்த்துக்கொள்ளலாம்.

வடகிழக்கில்தான் இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாக உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாகாலாந்திலும் மிசோரமிலும் 87 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். மேகாலயாவில் ஏறத்தாழ 75 விழுக்காடு. நாட்டின் பிற பகுதிகளில் கிறிஸ்துமஸ் ஒரு விடுமுறை நாள் என்றால், இங்கு அது ஊரே கூடும் திருவிழா. படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளியேறிய இளைஞர்கள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் திரும்புகிறார்கள். நாகாலாந்து முழுவதற்கும் திமாப்பூர் ஒன்றே விமான நிலையம். மிசோரமுக்கு ஐஸ்வால் அருகே உள்ள லெங்புய் ஒன்றே. சேவைகளும் குறைவு, போட்டியும் குறைவு.

இங்கு குவாஹாட்டி வரை பறந்து, அங்கிருந்து தரைவழியே செல்வது பழகிய உத்தி. உச்சவரம்பும் அதற்குத் துணை நின்றது: டெல்லி–குவாஹாட்டி 1,500 கிலோமீட்டருக்குள் அடங்குவதால் ரூ.15,000 பிரிவிலும், டெல்லி–திமாப்பூர் அதைத் தாண்டுவதால் ரூ.18,000 பிரிவிலும் இருந்தன. குவாஹாட்டிக்குச் சேவைகள் மிகுதி என்பதால் கீழடுக்கு இருக்கைகள் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். திமாப்பூருக்கு ரயில் உண்டு. ஷில்லாங்குக்குச் சாலைவழி சுமார் 100 கிலோமீட்டர்.

மிசோரமைப் பொறுத்தவரை 2025 கிறிஸ்துமஸ் முந்தையவற்றிலிருந்து வேறுபட்டது. 51.38 கிலோமீட்டர் நீளமுள்ள பைராபி–சாய்ராங் பாதை 2025 செப்டம்பர் 13 அன்று தொடங்கிவைக்கப்பட்டதால், மாநிலத் தலைநகரின் வாசல்வரை முதன்முறையாக ரயில் வந்துள்ளது. சாய்ராங்கிலிருந்து குவாஹாட்டிக்கும் கொல்கத்தாவுக்கும் ரயில்கள் இயங்குகின்றன. டெல்லி ஆனந்த் விஹாருக்கு வாராந்திர ராஜதானி உண்டு. டெல்லியிலிருந்து இரண்டு இரவுகள் ஆகும் பயணம்தான். விமானம் ஒன்றே வழி என்றிருந்த குடும்பத்துக்கு ஒரு மாற்று இருப்பதே விலைப் பேச்சில் ஒரு பலம். ஆனால், அந்த ரயிலிலும் இடம் வேண்டுமே.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அதன்படி டிசம்பர் 24 பயணத்துக்கான முன்பதிவு அக்டோபர் 25 அன்றே திறந்துவிட்டது. விமான நெருக்கடியின்போது 37 ரயில்களில் 116 கூடுதல் பெட்டிகள் இணைக்கப்பட்டதைப் போன்ற ஏற்பாடுகள் திடீரென வரலாம் என்பதால், காத்திருப்போர் பட்டியலைப் பார்த்ததுமே ரயிலைக் கைவிடத் தேவையில்லை. பண்டிகைச் சிறப்பு ரயில்கள் பலவற்றில் கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டிக்கெட்டின் பின்னால் உள்ள உரிமைகள்

2025 டிசம்பரில் நடைமுறையில் இருந்த விதிப்படி, முன்பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவோ மாற்றவோ பயணிக்கு உரிமை இருந்தது. புறப்பாட்டுக்கு ஏழு நாட்களுக்கும் குறைவாக இருந்தால் இது பொருந்தவில்லை. ஆகவே, 24-ஆம் தேதிப் பயணத்துக்கு 17-ஆம் தேதிக்குள் வாங்குவோருக்கு மட்டுமே இந்த வாய்ப்பு இருந்தது. ஓரளவு ஏற்கத்தக்க விலையில் ஒரு டிக்கெட்டை வாங்கி வைத்து, ஒரு நாள் முழுவதும் வேறு வழிகளைத் தேடிவிட்டு முடிவெடுக்க இவ்விதி இடமளித்தது. இந்தக் கால அளவை 48 மணி நேரமாக நீட்டிக்கும் வரைவு விதிகளை டிஜிசிஏ 2025 நவம்பரில் வெளியிட்டது.

பெரும்பாலானோர் கோராமலே விட்டுவிடும் தொகை ஒன்றும் உண்டு. திரும்பப் பெற இயலாதது என அச்சிடப்பட்ட டிக்கெட்டை ரத்து செய்தாலும், பயணமே மேற்கொள்ளாமல் விட்டாலும், சட்டப்படியான வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணம் எந்நிலையிலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் முழுத் தொகை அல்லது மாற்று விமானம் என்ற தெரிவு பயணியுடையது. 2025 டிசம்பர் அனுபவத்துக்குப் பின் இவ்விதி மறந்துபோக வாய்ப்பில்லை.

விலை ஒப்பீட்டில் கடைசித் திரையில் தோன்றும் தொகையை மட்டுமே நம்ப வேண்டும். இணைய முகவர்கள் ஒரு பயணிக்கு, ஒரு வழிக்கு எனச் சேவைக் கட்டணம் சேர்ப்பதுண்டு. காப்பீடு, உணவு, முன்னுரிமை நுழைவு போன்றவற்றைத் தெரிவு செய்த நிலையில் வைத்திருக்கும் பக்கங்களும் உள்ளன. உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் பொதுவாக அனுமதிக்கப்படும் 15 கிலோவுக்கு மேல் சுமை இருந்தால், வீட்டிலிருந்தே இணையத்தில் பதிவு செய்வது விமான நிலையத்தில் செலுத்துவதைவிட மலிவு. மாணவர்களுக்குக் கூடுதல் சுமை அனுமதி தரும் கட்டண வகையைச் சில நிறுவனங்கள் வைத்துள்ளன. பண்டிகைக்கு மூட்டை முடிச்சுகளோடு செல்லும் கல்லூரி மாணவருக்கு, விலைத் தள்ளுபடியைவிட இதனால் மிச்சமாவது அதிகமாக இருக்கலாம்.

வரம்பா, விதியா?

1994-இல் விமானப் போக்குவரத்து தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதிலிருந்து, கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை நிறுவனங்களிடமே உள்ளது. இயக்கச் செலவு, சேவையின் தன்மை, நியாயமான இலாபம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு நியாயமான கட்டணத்தை அவை விதிக்க வேண்டும் என்கிறது 1937 விமான விதிகளின் 135-ஆம் விதி. நியாயம் என்பது எவ்வளவு என்பதை அந்த விதி எண்ணால் வரையறுக்கவில்லை. கொரோனா காலத்தில் 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை கட்டணத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் இருந்தன. அதன்பின் இவ்வளவு விரிவான தலையீடு நிகழ்ந்தது 2025 டிசம்பரில்தான்.

ஆண்டு முழுவதும் நாடு தழுவிய உச்சவரம்பு விதிப்பது இயலாத காரியம் என்றும், இத்துறை வளர ஒழுங்குமுறைத் தளர்வு தேவை என்றும் அமைச்சர் ராம்மோகன் நாயுடு 2025 டிசம்பர் 12 அன்று மக்களவையில் தெரிவித்தார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிரந்தர வரம்பு இருந்தால், விழாக்காலக் கூடுதல் விமானங்களை இயக்க நிறுவனங்களுக்கு ஆர்வம் இராது. இயக்கச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டி வரம்புக்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் 29 விழுக்காடும் டெல்லியில் 25 விழுக்காடும் மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது. தேவைக்கேற்ப விலையேற்றும் முறையை அரசும் கையாள்கிறது: ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பர் முதல் இடங்கள் நிரம்ப நிரம்பக் கட்டணம் உயர்கிறது. ஆயினும் அங்கு அது அடிப்படைக் கட்டணத்தின் 1.4 மடங்கோடு நின்றுவிடுகிறது.

போட்டி இருந்தால் சந்தையே விலையைக் கட்டுப்படுத்தும் என்ற வாதம், ஜெட் ஏர்வேஸும் கோ ஃபர்ஸ்ட்டும் பறந்துகொண்டிருந்த காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். இன்று இண்டிகோவும் ஏர் இந்தியா குழுமமும் சேர்ந்து உள்நாட்டுச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வைத்துள்ளன. ஒரு நிறுவனத்தின் பணியாளர் அட்டவணை பிசகியதும் நாடு முழுவதும் விலை எகிறியது என்பதே, சந்தை தானே சீர்செய்துகொள்ளும் நிலையில் இல்லை என்பதற்குச் சான்று. விமானக் கட்டணங்களையும் கூடுதல் வசூல்களையும் ஒழுங்குபடுத்தக் கோரும் மனுவின் மீது உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரிலேயே மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

நாடு தழுவிய ஒரே வரம்பைவிட, கிறிஸ்துமஸுக்கு வடகிழக்கும் கேரளமும், ஓணத்துக்கு வளைகுடாவும் என நெரிசல் முன்கூட்டியே தெரிந்த வழித்தடங்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும், வழக்கமான விலையின் இத்தனை மடங்கு எனக் கட்டுப்பாடு விதிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தூரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட 2025 டிசம்பர் முறையில், நாள்தோறும் பல நிறுவனங்கள் போட்டியிடும் டெல்லி–சென்னைக்கும், சில சேவைகளே உள்ள டெல்லி–திமாப்பூருக்கும் ஒரே ரூ.18,000தான் வரம்பாக இருந்தது.

அரசின் கையிலேயே இதற்கு ஒரு சிறு முன்மாதிரியும் உண்டு. பொதுத்துறை நிறுவனமான அலையன்ஸ் ஏர், எந்த நாளில் வாங்கினாலும் ஒரே கட்டணம் என்ற ‘ஃபேர் சே ஃபுர்சத்’ திட்டத்தைத் தேர்ந்தெடுத்த சில வழித்தடங்களில் 2025 அக்டோபர் 13 அன்று சோதனை முறையில் தொடங்கியது. சிறு விமானங்களைக் கொண்டு சிறு நகரங்களை இணைக்கும் நிறுவனம் என்பதால் சந்தையில் அதன் பங்கு மிகச் சொற்பம். ஆயினும் கடைசி நாளில் டிக்கெட் வாங்க நேர்ந்தவர்களுக்குத் தங்கள் வழித்தடம் அப்பட்டியலில் இருந்ததா எனப் பார்ப்பது பயன் தரக்கூடியதாக இருந்தது. திட்டத்தின் சோதனைக் காலம் 2025 டிசம்பர் 31 வரை மட்டுமே என அறிவிக்கப்பட்டிருந்தது. விழா முடிந்து திரும்புவோரின் நெரிசல் உச்சம் தொடுவதோ ஜனவரி 4 ஞாயிறன்று.